பெயர்ப்பலகையும் பிணம் போகும் வழியும்

திண்டிவனத்தில் கல்லூரியில் படித்த மூன்று வருடமும் என் வீட்டு நிறுத்தத்தில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியதே இல்லை. ஊர் நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டு தார் ரோட்டிலேயே ஒரு பர்லாங் நடந்து வருவேன். எங்கள் நிறுத்தம் அதற்கு அடுத்தது. கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு, "காலனி எறங்கு, காலனி எறங்கு" என்று கத்துவார். அந்தக் குரலுக்கு எழுந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை. கூடப் படிக்கிறவன் நாலு பேர் அந்த பஸ்ஸில் இருப்பான்.

ஒருநாள் ஆயா பார்த்துவிட்டது. "இன்னாடா, டிக்கெட்டு வாங்குன எடம் வரைக்கும் வர்றதுக்கு இன்னா கேடு உனுக்கு?" பஸ் நிக்கலை ஆயா என்று புளுகினேன். ஆயா நம்பவில்லை. ஆனால் அதற்கப்புறம் கேட்கவும் இல்லை.

எங்கள் நிறுத்தத்தில் ஒரு இரும்புப் பலகை உண்டு. ஊர்ப் பெயர், பக்கத்தில் 'காலனி'. எங்கள் நைனா ரோட்டு வேலைக்குப் போனவர். தார் போடுவது, குழி அடைப்பது, மைல் கல்லுக்கும் புளியமரத்துக்கும் சுண்ணாம்பு அடிப்பது. அவருக்கு எழுத்து தெரியாது. அவர் வெள்ளையடித்த கல்லில் வேறொருவர் வந்து கறுப்பில் ஊர்ப் பெயர் எழுதுவார். எந்தக் கல்லிலும் எங்கள் தெரு வராது. கல்லில் வருவதெல்லாம் திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு இரும்புப் பலகைதான். நான் ஒளிந்து நடந்ததும் அந்தப் பலகைக்குப் பயந்துதான்.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். அது தீண்டாமையின் குறியீடாக ஆகிவிட்டது என்றார். அக்டோபரில் தெருக்கள், சாலைகள், குடியிருப்புகள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்றச் சொல்லி அரசாணையும் வந்தது. சந்தோஷப்பட வேண்டியவன் நான். முப்பது வருடம் கழித்தாவது ஒரு பையன் அவன் வாசலிலேயே இறங்கலாம். ஆனாலும் மனசுக்குள் ஏதோ இடறுகிறது. அது என்ன என்று எனக்கே விளங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். ஒரு இழிவின் பெயரை அழிப்பது நீதியா? அல்லது இழிவு நடந்ததற்கான சாட்சியை அழிப்பதா? அழிக்கிற உரிமை யாருடையது?

பலகை மாற்றுவது நமக்குப் புதிதல்ல. சென்னையிலிருந்து நம் பக்கமாகத் திருச்சி போகும் சாலை வெகுகாலம் 45ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. 2010இல் நாடு முழுக்க எண்களை மாற்றினார்கள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கிற துண்டு 132 ஆனது. யாருக்கும் வலிக்கவில்லை. லாரிக்காரர்கள் இன்றைக்கும் ஜிஎஸ்டி ரோடு என்றுதான் சொல்கிறார்கள். எண்ணுக்குச் சாதி கிடையாது, அதனால் அழிப்பது சுலபம்.

2017 மார்ச்சில் வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கம் 75, 77ஆம் எண் சாலைகளின் மைல் கற்களில் இங்கிலீஷை அழித்துவிட்டு இந்தி எழுதினார்கள். தமிழ்நாடே கொதித்தது. கொதித்தது சரிதான், நானும்தான் கொதித்தேன். அந்த 77ஆம் எண் சாலை கிருஷ்ணகிரியில் தொடங்கி நம் திண்டிவனத்தில் வந்து முடிகிறது. அதன் ஓரத்தில் எத்தனையோ திருப்பங்களில் 'காலனி' என்று சுத்தத் தமிழ் எழுத்தில் எழுதிய பலகைகள் நின்றன. அவற்றுக்காகத் தார் டப்பாவைத் தூக்கிக்கொண்டு யாரும் வந்ததாக நான் பார்த்ததில்லை. எழுத்து நம்முடையதாக இருந்தால் போதும், எழுதியிருப்பது என்ன என்று கேட்கவேண்டியதில்லை போலிருக்கிறது.

சொல்லுக்குள்ளேயே இழிவு இருக்கிறது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பழந்தமிழில் சேரி என்றால் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். பார்ப்பனச் சேரியும் இருந்தது. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டில் பறைச்சேரி தனியாக வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்பே அளந்து ஒதுக்கியாகிவிட்டது. பிறகு மற்றவர்களுடைய சேரியெல்லாம் ஊராகவும் அக்கிரகாரமாகவும் நகராகவும் ஆயிற்று. நம்முடையது மட்டும் சேரியாகவே தங்கிற்று. அப்புறம் சர்க்கார் தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்து, 'காலனி' என்று கௌரவமான இங்கிலீஷ் வார்த்தை ஒன்றையும் கொடுத்தது. பத்து, இருபது வருடத்தில் அந்த வார்த்தையும் நாற ஆரம்பித்தது. சென்னையில் ரயில்வே காலனி நாறவில்லை, நம் காலனிதான் நாறியது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் கிழக்கே அம்பு போட்ட பெரிய பச்சைப் பலகைகளைப் பாருங்கள்: புதுச்சேரி. பாண்டிச்சேரி என்று இருந்ததை 2006இல் சட்டப்படி மாற்றிய பெயர். அந்தச் 'சேரி' யாரையும் உறுத்தவில்லை. சனி, ஞாயிறு ஆனால் காரை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு அந்தச் சேரிக்குப் போகிறார்கள்.

ஆக, நாற்றம் சொல்லிலிருந்து வரவில்லை, தூரத்திலிருந்து வருகிறது. ஊருக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு பர்லாங்.

அந்தத் தூரத்தை அரசு எப்படி அளக்கிறது என்று பாருங்கள். 2000 டிசம்பரில் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் வந்தது. ஆரஞ்சுத் தலை வைத்த கற்கள் அந்தத் திட்டத்துச் சாலைகளில் நிற்பவை. சமவெளியில் 500 பேருக்கு மேல் வாழ்கிற, சாலைத் தொடர்பு இல்லாத குடியிருப்புக்குச் சாலை போடுவது திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் 'தொடர்பு இல்லாத' என்பதற்கு விதி ஒன்று உண்டு. எல்லாக் காலத்துக்கும் தாங்கும் சாலையிலிருந்தோ, சாலை உள்ள இன்னொரு குடியிருப்பிலிருந்தோ 500 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும். அதற்குள் இருந்தால் தொடர்பு உள்ள குடியிருப்பு என்று கணக்கு. 500 மீட்டர் வட்டத்துக்குள் இருக்கிற குடியிருப்புகளின் மக்கள்தொகையைச் சேர்த்து ஒன்றாக எண்ணிக்கொள்ளலாம் என்றும் விதி சொல்கிறது.

இந்த விதியை எழுதியவர்களுக்குச் சாதி வெறி ஒன்றும் இருந்திருக்காது. வரைபடத்தை வைத்துக்கொண்டு நியாயமாகத்தான் யோசித்திருப்பார்கள். 500 மீட்டர் நடக்கமுடியாதா? முடியும். ஊர்த் தெரு வழியாக நடக்கமுடியுமா என்பதுதான் நம் கேள்வி. செருப்பு போட்டுக்கொண்டு, சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு, எல்லாவற்றுக்கும் மேலே, பிணத்தைத் தூக்கிக்கொண்டு? சேரிகள் பெரும்பாலும் ஊரிலிருந்து அந்த ஐந்நூறு மீட்டருக்குள்தான் இருக்கின்றன. கூப்பிட்டால் காதில் விழவேண்டும், காற்று மட்டும் மேலே படக்கூடாது. நம் பாட்டன்மார்களை நிறுத்திவைத்த தூரம் அது. சாலைத் திட்டத்தின் கணக்கில் ஊரும் சேரியும் ஒன்று. பலகையில் இரண்டு. சுடுகாட்டில் இரண்டு. எங்கே ஒன்றாகக் காட்டினால் செலவு மிச்சமோ அங்கே ஒன்றாகிவிடுகிறோம்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில் நடந்தது ஞாபகம் இருக்கும். சுடுகாட்டுக்குப் போகிற பாதையை நிலக்காரர்கள் விடவில்லை என்று, இறந்தவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றுக்குள் இறக்கினார்கள். தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். நான் திரும்பத் திரும்பப் பார்த்தது பாலத்தை. நல்ல கான்கிரீட் பாலம். யாரோ திட்டம் போட்டு, டெண்டர் விட்டு, கைப்பிடிச் சுவரோடு ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள். சாலைத் திட்டம் அங்கே தோற்கவில்லை. ஜெயித்த திட்டத்துக்கு மேலே நின்றுகொண்டுதான் கயிறு விட்டார்கள்.

சாலை நமக்கு என்றைக்குமே பொது விஷயமாக இருந்ததில்லை, போராட்டமாகத்தான் இருந்தது. 1924இல் வைக்கத்துக் கோயிலைச் சுற்றியிருந்த சாலைகளில் 'தீண்டல் பலகை' நின்றது. இதைத் தாண்டி இன்ன சாதிக்காரர் வரக்கூடாது என்று அரசாங்கமே நட்ட பலகை. நமக்கென்று நட்ட முதல் சாலைப் பலகை அதுதானோ என்னவோ. அதே 1924 ஆகஸ்ட் 22ஆம் தேதி சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் ஒடுக்கப்பட்டவர்கள் நடக்கத் தடை இல்லை. கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாவற்றுக்கும் அப்படியே. அவர் பிறந்த கோழியாளம் மதுராந்தகம் பக்கம்தான், நம் ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து தூரமில்லை. இந்த மாநிலத்தின் சாலைத் திட்டம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் நான் அந்தத் தீர்மானத்தைத்தான் சொல்வேன். சாலை எங்கே போகிறது என்று அவர் கேட்கவில்லை. அதில் யார் போகலாம் என்று கேட்டார். நூறு வருடம் தாண்டிவிட்டது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். தெருப் பெயர்களின் சாதி வாலை வெட்டச் சொன்னது எம்.ஜி.ஆர். ஆட்சி. தி.நகரில் டாக்டர் நாயர் சாலை வெறும் 'டாக்டர் சாலை' ஆயிற்று. எந்த டாக்டர் என்று கேட்டால் கம்பவுண்டரைத்தான் கேட்கவேண்டும். நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவருடைய பெயர் அப்படிக் காணாமல் போனது. வேடிக்கை இருக்கட்டும். அதே ஆட்சியின் இரண்டாவது வருடத்தில்தான், 1978 ஜூலையில், விழுப்புரத்தில் 12 தலித்துகளைக் கொன்றார்கள். பெரிய காலனி என்ற பெயர் அப்போதுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது. இன்றைக்கு அந்தப் பெயரை எடுத்துவிட்டு ஒரு பூவின் பெயரை வைத்தால், நாளைக்கு 1978ஐப் படிக்கிற மாணவன் எந்தத் தெருவில் போய் நிற்பான்? புதிய பெயர் தேடுகிறவர்களுக்கு அந்தப் பன்னிரண்டு பேர் ஞாபகம் வருவார்களா?

1997இல் இதைவிட நன்றாகப் பாடம் படித்தோம். விருதுநகரைத் தலைமையிடமாக வைத்த போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். தலித் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள், கலவரம் ஆயிற்று. அரசு என்ன செய்தது? எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை மொத்தமாக எடுத்துவிட்டது. நம் மாவட்டம் 1993இல் பிரிந்தபோது 'விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம்'. அந்தப் பெயரும் போயிற்று, பஸ்ஸில் இருந்த தந்தை பெரியாரும் போனார். எல்லாரும் சமம் என்று ஆகிவிட்டதாம். ஒரு பந்தியில் நாம் வந்து உட்கார்ந்ததும் இலையையே சுருட்டி எடுத்துவிட்டால் அதற்குப் பெயர் சமபந்தியா?

இதனால்தான் அழிப்பின் மேல் எனக்குச் சந்தேகம். 2025 அக்டோபரில் அந்த அரசாணை வந்த அதே வாரம், 9ஆம் தேதி, கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலத்தைத் திறந்து ஜி.டி. நாயுடு பெயரை வைத்தார்கள். அவரை ஊருக்கு அப்படித்தான் தெரியும், மாற்றினால் அடையாளம் தெரியாது என்று சொல்லலாம். அந்த நியாயத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். மேலே இருப்பவனுக்குச் சாதி அடையாளமாகிறது, கீழே இருப்பவனுக்குக் கறையாகிறது என்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்ளவேண்டும். 1987 செப்டம்பரில் ஒரு வாரம் நம் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டு மறித்தார்கள். அந்தப் போராட்டத்தில் இறந்த 21 பேருக்கு 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் மணிமண்டபம் திறந்தாயிற்று. நான் பொறாமைப்படவில்லை. போலீஸ் குண்டுக்குச் செத்தவர்களும் கூலிக்காரர்கள், குடியானவர்கள்தான். அதே வாரத்தில் சேரிக் குடிசைகளும் எரிந்தன. அவை எங்கே எரிந்தன என்பதற்கு அடையாளமாக மிஞ்சியது 'காலனி' என்ற வார்த்தைதான்.

அப்படியானால் பலகை இருக்கட்டுமா? இதைத்தான் எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போகிற ஒரு பெண்ணிடம் கேட்டேன். "அண்ணா, வரலாறு வேணும்னா நீங்க புக்கு எழுதுங்க. டெய்லி பஸ்ல எறங்கறது நான்தானே" என்றாள். எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. சாட்சியைச் சுமக்கச் சொல்லிப் பாதிக்கப்பட்டவரையே நிற்கவைப்பது என்ன நியாயம்? எனவே பலகை போகட்டும். போகும்போது நம் கையால் போகட்டும், தாலுகா ஆபீஸிலிருந்து வரும் பட்டியலால் வேண்டாம். பழைய பெயர் எந்தக் கேட்டுக்காக வந்தது என்று பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டுப் போகட்டும். பெயர் மாறுகிற அன்றைக்கு அந்த 500 மீட்டருக்கும் கணக்கு கேட்போம்.

எங்கள் பலகைக்குப் பையன்களே வெள்ளை அடித்துவிட்டார்கள். என்ன எழுதுவது என்று இரண்டு கூட்டம் போட்டாயிற்று. அம்பேத்கர் நகர் என்றால் சுற்றிலும் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, தபால் குழம்பும் என்றார் ஒருவர். குழம்பட்டுமே என்றான் இன்னொருவன். ஊர்ப் பெயரை மட்டும் எழுதுவோம், நாமும் அந்த ஊர்தானே என்று ஒரு கட்சி. அதற்கு ஊர்க்காரர்கள் சம்மதிப்பார்களா என்று பெரியவர்கள் தயங்கினார்கள். சம்மதம் எதற்கு என்று சத்தம் எழுந்தது. எங்கள் பெரியம்மா ஒருத்தி, கூட்டத்துக்கு வெளியே திண்ணையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவள், சொன்னாள்: "எந்தப் பேராச்சும் எழுதுங்கடா. கீழ ஒரு அம்பு போட்டு சுடுகாட்டுக்குப் போற வழின்னு எழுதுங்க. வழி எங்க இருக்குதுன்னு எவனாச்சும் கேட்டு வருவான் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அதையும் தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை.