நெடுவழி மிதிவண்டியும் நம் நோன்பும்

நம் குடும்பத்துப் பிள்ளைகளுள் சிலர் விடியுமுன் மிதிவண்டியில் புறப்பட்டு, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் சென்று நள்ளிரவில் வீடு திரும்புகின்றனர். "உடலை இப்படி வருத்துவது முறைதானா?" எனப் பெற்றோர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும் விடை கூறுமுன், அப்பிள்ளைகள் மேற்கொள்வது யாதென அறிதல் நலம்.

பிரான்சு நாட்டில் 1891இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்னும் 1200 கி.மீ. ஓட்டமே இத்தகைய பயணங்களுள் மூத்தது. இன்று அது நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. பெரும்பாலோர்க்கு 90 மணி நேரம் எல்லை. சென்னை முதலிய நம் நகரங்களிலும் 200 கி.மீ.க்குப் பதின்மூன்றரை மணி, 300க்கு 20 மணி, 600க்கு 40 மணி என்ற கணக்கில் அவ்வழியைப் பின்பற்றிய பயணங்கள் நடத்தப்பெறுகின்றன.

இவற்றின் விதிகளுள் ஒன்று நம் கருத்தைப் பெரிதும் கவர்கிறது. குறித்த சாவடிகளில் அன்றி, இடைவழியில் எவரும் உதவி கொண்டுவருதல் கூடாது. இங்கிலாந்து நாட்டு மைக் ஹால் 2013இல் தொடங்கிய, ஐரோப்பாவைக் கடக்கும் போட்டியில் இவ்விதி இன்னும் கடுமையானது. எல்லார்க்கும் திறந்துள்ள கடையில் எதையும் வாங்கலாம். நண்பரும் உறவினரும் தமக்கெனக் கொண்டுவந்து தரும் சோறும் படுக்கையும் ஆகா. தமக்கெனச் சமைத்ததை ஏலாத நம் துறவியரின் உத்திஷ்ட தியாகம் இவ்விடத்தில் நினைவுக்கு வருவது இயல்பே. விளையாட்டையும் விரதத்தையும் ஒன்றெனக் கூற நாம் துணியவில்லை. எனினும், 'எனக்கென்று எவரும் தனியே சிரமப்பட வேண்டா' என்னும் எண்ணம் இரண்டிலும் உண்டு. அதிலும் நடுநிசியில் வெறிச்சோடிய சாலையில் பார்ப்பார் எவருமின்றி அவ்விதியைக் காப்பது எளிதன்று.

பயிற்சிக்குத் திருச்சியே போதும். ஆடி மாதத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து, பெட்டவாய்த்தலை, குளித்தலை வழியே கரூர் சென்று மீளலாம். போகும்போது மேல்காற்று முகத்தில் அறையும். மீளும்போது அதுவே முதுகில் கைவைத்துத் தள்ளும். வீட்டார் ஸ்கூட்டரில் இளநீரோடு பின்தொடர்ந்தால் அது பயிற்சியாகாது. பஞ்சர் ஒட்டத் தம் கையே பழக வேண்டும். மாற்று டியூப், பம்பு, விளக்குகள், ஒளியைத் திருப்பும் மேலங்கி, உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஆகியவை போதும்; கூடுதலாகக் கட்டிய ஒவ்வொரு பொருளையும் காற்றுக்கெதிரே கால்களே சுமக்க வேண்டும். பரிக்கிரகப் பரிமாணத்தைப் பல சொற்பொழிவுகளினும் இது தெளிவாக விளக்குகிறது!

தத்துவார்த்த சூத்திரம் கூறும் 22 பரீஷஹங்களுள் பசி, தாகம், வெப்பம், பூச்சிக்கடி ஆகியவற்றை நாம் அனைவரும் அறிவோம். பிறர் செய்யும் சிறப்பினால் மனம் தடுமாறாமையும் அவற்றுள் ஒன்றெனப் பலர் கருதுவதில்லை. 1891இல் முதலில் வந்த சார்லஸ் தெரோன் ஏறக்குறைய 71 மணியில் முடித்துப் பெரும்புகழ் பெற்றார். இன்றைய பாரிஸ் பயணத்திலோ முதலிடம், இரண்டாமிடம் என்பன இல்லை. குறித்த நேரத்துள் முடித்தோர் அனைவரும் ஒரு நிலையினரே. நம் ஊர்ப் பிள்ளைகள் கைப்பேசியில் படமிட்டுப் பாராட்டுக்குக் காத்திருப்பதை நோக்க, இந்தப் பரீஷஹமே வெயிலினும் கடிதெனத் தோன்றுகிறது.

பொறுத்தலுக்கும் எல்லை உண்டு. அறிவின் துணையின்றி உடலை வாட்டுவதைப் பால தபம் என்றே நம் பெரியோர் கூறினர். உறக்கம் கண்ணை மூடும்போதும் மிதிப்பவன் தன் உயிரோடு எதிர்வருவோர் உயிரையும் பணயம் வைக்கிறான். மைக் ஹாலே 2017 மார்ச்சு மாதம் ஆஸ்திரேலியப் போட்டியொன்றில், விடியற்காலையில் கார் மோதி உயிரிழந்தார். களைத்தபோது இறங்கிப் பெட்ரோல் பங்க் ஓரத்தில் அரைமணி உறங்குவதை எவரும் தோல்வியாகக் கருத வேண்டா.

இனி, இரவுண்ணா நோன்புடைய இல்லங்களின் இடர்ப்பாடு. காலை ஆறு மணிக்குத் தொடங்கும் 200 கி.மீ. பயணத்தின் எல்லை இரவு ஏழரை மணி. கதிரவன் மறையுமுன் உண்டு, எஞ்சிய சிறு தொலைவைக் கடந்துவிடலாம். 300 கி.மீ. பயணமோ பின்னிரவு இரண்டு மணிவரை நீளக்கூடும். உணவின்றி எட்டு மணி நேரம் லாரிகளுக்கிடையே மிதித்தால் உடற்சர்க்கரை குறையும், கவனம் தளரும். நோன்பையும் விடாமல் உயிரையும் பேண விரும்புவோர் 200உடன் அமைதலே தக்கதென்பது நம் கருத்து. நோன்பைத் தளர்த்துவதாயினும், தொலைவைக் குறைப்பதாயினும், அதனைப் பெற்றோரும் பிள்ளையும் புறப்படுமுன் வீட்டிலேயே அமர்ந்து பேசி முடிவு செய்துகொள்ளல் வேண்டும். நள்ளிரவில் விராலிமலை அருகே பசியோடு நின்று முடிவு செய்யும் செய்தியன்று அது.