தாமதம் ஏற்பட்டுவிட்டது

ஓய்வு பெற ஆறு வருடம் இருந்தபோது எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. ஒழுங்கு நடவடிக்கை விதி 17(அ)-இன் கீழ். கணவரை இழந்த ஓர் அம்மாவின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு என் மேஜையில் நான்கு மாதம் தூங்கியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். இரண்டு ராத்திரி உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். பணிச்சுமை, காலிப் பணியிடம், தேர்தல் வேலை, பணிப்பதிவேட்டில் விடுபட்டிருந்த ஒரு பதிவு. ஒன்றுகூடப் பொய் இல்லை. ரொம்ப நாள் கழித்து அந்த நகல் கையில் சிக்கியபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். மூன்று பக்கத்திலும் நான் எதையுமே செய்யவில்லை. கோப்பு 'நிலுவையில் இருந்துவிட்டது'. தாமதம் 'ஏற்பட்டுவிட்டது'. மழை பெய்கிற மாதிரி, அது பாட்டுக்கு. நான் தலைகாட்டும் ஒரே இடம், பணிவுடன் தெரிவித்துக்கொள்ளும் கடைசி வரி.

இந்த நகலை மறுபடி தேடி எடுக்க வைத்தவர் தூசிடிடீஸ். ஏதென்ஸுக்கும் ஸ்பார்டாவுக்கும் கி.மு. 431-இல் தொடங்கி 404 வரை நடந்த போரை எழுதியவர். அவர் புத்தகத்தில் எல்லோரும் எடுத்துப் பேசும் இடங்கள் உண்டு: ஏதென்ஸைச் சூறையாடிய கொள்ளைநோய், சிசிலியில் படை அழிந்தது. கொள்ளைநோய் அவரையும் பிடித்தது. பிழைத்து எழுந்து வந்து அறிகுறிகளை ஒரு வைத்தியரைப் போல வரிசையாக எழுதியிருக்கிறார். நான் நின்றுபோனது அந்தப் பக்கங்களில் அல்ல. நடுவில், அவசரமாகப் படித்தால் தாண்டிப் போய்விடக்கூடிய ஒரு சின்ன இடம்.

கி.மு. 424, குளிர்காலம். வடக்கே திரேஸ் பகுதியில் ஸ்ட்ரைமோன் ஆறு வளைகிற இடத்தில் ஆம்ஃபிபோலிஸ் என்ற ஊர். ஏதென்ஸ்காரர்கள் குடியேற்றிய ஊர். அவர்களுக்குக் கப்பல் கட்ட மரமும் கைக்குப் பணமும் அங்கிருந்து வந்துகொண்டிருந்தன. ஸ்பார்டாவின் தளபதி பிராசிடாஸ், பனி விழுந்துகொண்டிருந்த ஒரு மோசமான இரவில் படையை நடத்தி வந்து, விடிவதற்குள் ஆற்றுப் பாலத்தைப் பிடித்துவிட்டார். பாலத்தில் காவல் பேருக்குத்தான் இருந்தது. ஊருக்குள் இருந்த ஏதென்ஸ் தளபதி, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான இன்னொரு தளபதிக்கு ஆள் அனுப்பினார். அந்த இன்னொருவர் தாசோஸ் தீவில் இருந்தார். அரைநாள் கடல் பயணம். சேதி வந்ததும் கையில் இருந்த ஏழு கப்பல்களோடு கிளம்பினார்.

பிராசிடாஸ் சும்மா இருக்கவில்லை. வருகிறவருக்கு அந்தப் பக்கத்துத் தங்கச் சுரங்கங்களில் உரிமை உண்டு, கரையிலுள்ள பெரிய மனிதர்களிடம் செல்வாக்கு உண்டு என்பது அவருக்குத் தெரியும். அவர் வந்து சேர்ந்தால் ஊர் அசையாது. அதனால் யாரும் மறுக்கத் தயங்குகிற மாதிரி ஒரு பேச்சை அறிவித்தார்: இருக்கிறவர்கள் சொத்தோடும் சம உரிமையோடும் இருக்கலாம், போகிறவர்கள் ஐந்து நாளுக்குள் தட்டுமுட்டுச் சாமான்களோடு போகலாம். ஊரார் யோசித்தார்கள். உதவி இப்போதைக்கு வராது என்று நினைத்தார்கள். கதவைத் திறந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே ஏழு கப்பல்களும் ஆற்று முகத்தில் உள்ள ஏயோன் துறைக்கு வந்துவிட்டன. ஆம்ஃபிபோலிஸ் அங்கிருந்து கூப்பிடு தூரத்துக்குச் சற்று அதிகம், சில கிலோமீட்டர்தான். ஆனால் ஊர் கைமாறியாகிவிட்டது. ஏயோன் மட்டும் மிஞ்சியது. அன்றைய ராத்திரியைத் தவறவிட்டிருந்தால் விடிவதற்குள் அதுவும் போயிருக்கும்.

பிந்தி வந்த அந்தத் தளபதிதான் தூசிடிடீஸ். ஓலோரஸின் மகன், இந்த நூலை எழுதியவர் என்று தகப்பன் பேரோடு தன்னை அங்கே நிறுத்துகிறார். பள்ளிக்கூடத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று படித்தோமே, அதில் படர்க்கை. 'நான்' இல்லை, என் மூன்று பக்கத்திலும் இல்லைதான். வித்தியாசம் என்னவென்றால், அவர் வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறது. தூசிடிடீஸ் தாசோஸில் இருந்தார், தூசிடிடீஸ் கிளம்பினார், தூசிடிடீஸ் வந்தபோது ஊர் இல்லை. ஏன் தாசோஸில் இருந்தார் என்பதற்கு ஒரு வார்த்தை விளக்கமில்லை. காற்று எதிர்த்தது, இன்னொரு தளபதி பாலத்தைக் கவனிக்கவில்லை என்று எழுத இடமா இல்லை?

இதற்குத் தண்டனையாக இருபது வருடம் ஊரைவிட்டு விலக்கி வைக்கப்பட்டார். அதையும் அந்த இடத்தில் சொல்லவில்லை. ரொம்பத் தள்ளி, போர் மொத்தம் எத்தனை வருடம் என்று கணக்குச் சொல்லும்போது போகிற போக்கில் சொல்கிறார்: ஆம்ஃபிபோலிஸுக்குப் பிறகு இருபது வருடம் வெளியே இருந்தேன், அதனால் இரண்டு தரப்பையும், முக்கியமாக ஸ்பார்டா பக்கத்தையும், அமைதியாகப் பார்க்க முடிந்தது என்கிற மாதிரி. தீர்ப்பு நியாயமா அநியாயமா என்று ஒரு முனகல்கூடக் கிடையாது. ஏதென்ஸ் அந்த ஊரைக் கடைசிவரை திரும்பப் பெறவேயில்லை என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதைச் சொன்னதும் என் நண்பர் ஒருவர் சிரித்தார். "அவர் உன்னைவிடக் கெட்டிக்காரர்ப்பா. பிராசிடாஸை அத்தனை புகழ்ந்திருக்கிறாரே, எதற்கு? தோற்றாலும் பெரிய ஆளிடம் தோற்றேன் என்பதற்கு. எதிரியே பயந்து அவசரப்பட்டான் என்று தன் செல்வாக்கையும் சொல்லிக்கொள்கிறார். ஏயோனைக் காப்பாற்றியதையும் விடவில்லை." யோசித்தால் நண்பர் சொல்வதில் பாதி சரி. கிளியோன் என்ற ஏதென்ஸ் அரசியல்வாதியைப் பற்றி எழுதும்போது இவர் பேனா கொஞ்சம் கடிக்கும். 425-இல் பைலோஸில் மாட்டிக்கொண்ட ஸ்பார்டா வீரர்களை இருபது நாளில் பிடித்து வருகிறேன் என்று கிளியோன் சபையில் சவால் விட்டார். சொன்னபடி பிடித்தும் வந்தார். அதற்குப் பிறகும் அந்த வாக்கைப் பைத்தியக்காரத்தனம் என்றே எழுதுகிறார் தூசிடிடீஸ். அவரும் மனுஷர்தானே.

ஆனால் நண்பர் இத்தனையையும் எதை வைத்துச் சொன்னார்? தூசிடிடீஸ் தந்த தகவலை வைத்து. அரைநாள் தூரம், ஏழு கப்பல், சுரங்க உரிமை, வந்து சேர்ந்த நேரம் எல்லாமே அவர் எழுதி வைத்தவை. 'பாலத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவர் தீவில் என்ன செய்தார்?' என்று அவரைக் கூண்டில் ஏற்றுவதற்கு வேண்டிய சாட்சியத்தை அவரே நம் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என் விளக்கத்தில் கண்காணிப்பாளர் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் கிடையாது. நேர்மையாகச் சொல்வது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

நூலின் தொடக்கத்திலேயே அவர் இரண்டு காரணங்களைப் பிரித்து வைக்கிறார். இரு தரப்பும் வெளியே சொன்ன புகார்கள் ஒன்று. யாரும் அதிகம் பேசாத உண்மைக் காரணம் இன்னொன்று. ஏதென்ஸ் வளர்ந்தது, ஸ்பார்டா பயந்தது. அதே ஏதென்ஸ் 416-இல் மெலோஸ் என்ற சின்னத் தீவிடம் போய், நியாயம் பேச வேண்டாம், யாரால் என்ன முடியும் என்பதைப் பேசுவோம் என்று சொல்வதாக ஒரு பகுதி வருகிறது. அதைப் படித்தபோது எனக்கு என் மேஜை ஞாபகத்துக்கு வந்தது.

சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா முதல் தடவை வந்தபோது, ஒரு சான்றிதழ் குறைகிறது என்று திருப்பி அனுப்பினேன். அவர் செக்‌ஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி என்னைக் கேள்வி கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் சான்றிதழ் வந்தது. கோப்பில் சேர்த்தேன். கோப்பை எடுத்து, கட்டுக்கு அடியில் வைத்தேன். பணிச்சுமையும் தேர்தல் வேலையும் அதற்குப் பிறகு வந்தவை.

என் விளக்கம் ஏற்கப்பட்டு மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது. அந்த அம்மாவுக்கு நிலுவைத் தொகை ஒரு பைசா குறையாமல் போய்ச் சேர்ந்தது. நடுவில் நான்கு மாதத்தை அவர் எப்படி ஓட்டினார் என்பது கோப்பில் இல்லை.