காணாமை சான்றாகுமா?

சேலத்திலிருந்து தருமபுரி நோக்கி வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தொப்பூர்க் கணவாயின் ஏற்றத்தைச் சித்திரை வெயிலில் இருவரைச் சுமந்து ஏறிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிள் ஒன்று, எவ்வித முன்னறிகுறியுமின்றி நின்றுவிடுகிறது. எத்தனை முறை உதைத்தும் உயிர்பெறாத அதன் எஞ்சின், மர நிழலில் சிறிது நேரம் ஆறிய பிறகு, ஒன்றுமே நேராததுபோல் முதல் உதையிலேயே இயங்குகிறது. மறுநாட் காலை பட்டறைக்குக் கொண்டுபோனாலோ, பிளக்கில் கரண்ட் ஒழுங்காக வருகிறது, பெட்ரோல் தடையின்றி இறங்குகிறது, குறையென்று சுட்டிக் காட்ட ஒன்றுமில்லை. இது வண்டி வைத்திருப்போர் பலரும் அறிந்த தொல்லைதான். ஆயினும் அது எழுப்பும் வினா, நம் தரிசன சாஸ்திரங்கள் நெடுங்காலம் ஆராய்ந்த வினாவாகும். தேடியும் காணப்படாத ஒன்றை இல்லையென்று முடிவு கட்ட நமக்கு உரிமை உண்டா?

மீமாம்ஸகருள் குமாரில பட்டரின் வழிவந்தோர் காணாமையையே அறிவைத் தரும் அளவைகளுள் ஒரு தனிப் பிரமாணமாகக் கொண்டு, அதனை அநுபலப்தி என்றனர். பிரபாகரரின் வழியினர் அதை ஏற்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டினராகிய அருள்நந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் அளவையியலில், பிறர் வகுத்த அளவைகளுள் ஒன்றாக இன்மையாகிய அபாவத்தையும் எண்ணி, எல்லாவற்றையும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். இக்கருத்து வேற்றுமைகள் எவ்வாறாயினும், குமாரிலரின் வழிவந்த பாட்ட மீமாம்ஸகர் விதித்த நிபந்தனை ஒன்று நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. பொருளைக் காண்பதற்கு வேண்டிய சூழல் முழுவதும் அமைந்திருந்தும் அது காணப்படாவிடில், அப்பொழுதுதான் காணாமை இன்மைக்குச் சான்றாகும். விளக்கெரியும் அறையில் குடம் தென்படவில்லையெனில் அங்கே குடம் இல்லை. இருளில் தென்படவில்லையெனில் அந்தக் காணாமை எதையும் நிறுவாது. குளிர்ந்த எஞ்சினைச் சோதித்துக் குறையில்லை என்று திருப்பியனுப்புகிறவர், இருளில் குடத்தைத் தேடியவரே ஆவார்.

பற்றவைக்கும் கரண்டிற்கு வேளை குறிக்கும் பிக்கப் காயிலில், மயிரிழை போன்ற செப்புக் கம்பி பல சுற்றுக்களாகச் சுற்றப்பட்டிருக்கிறது. அதில் எங்கேனும் ஓர் இற்றுப்போன இடம் இருப்பின், வெப்பத்தில் அது விரிந்து விலகி ஓட்டத்தை அறுக்கிறது. ஆறியதும் மீண்டும் பொருந்தி, எந்த மீட்டருக்கும் அகப்படாமல் மறைந்துகொள்கிறது. வால்வின் இடைவெளியோ, சிறிய எஞ்சின்களில் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியதே. அது இறுகியிருந்தால், சூட்டில் நீளும் வால்வு முழுவதும் மூடாமல், அழுத்தம் கசிந்து போகிறது. ஆகவே அநுபவம் வாய்ந்த மெக்கானிக், வண்டியைத் தாமே ஓட்டிச் சென்று, அது நிற்கும்வரை காத்திருந்து, நின்ற அந்தக் கணத்திலேயே வேறொரு பிளக்கை மாட்டி எஞ்சினின் உலோகத்தில் தொட்டு உதைத்துப் பார்க்கிறார். பொறி இல்லையெனில் குறை மின்சாரப் பகுதியில்; பொறி இருந்தும் கிக்கர் வழக்கத்தினும் இலேசாக இறங்கினால் வால்வின்மேல் ஐயம். அவர் காணும் இன்மைகள் யாவும் விளக்கொளியில் கண்ட இன்மைகள்.

இங்கே இன்னுமொரு நுட்பம் உண்டு. பெட்ரோல் டேங்கின் மூடியிலுள்ள நுண்துளை அடைபட்டுவிட்டால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, இறங்க வேண்டிய பெட்ரோலை அது பிடித்து நிறுத்துகிறது. வண்டி ஓய்ந்து நிற்கையில் காற்று மெல்லக் கசிந்து உட்புகுந்து அதனை விடுவிக்கிறது. இந்தக் குறையும் சிறிது தூரம் ஓடிய பின்னரே தோன்றி, சிறிது நேரம் நின்ற பின்னர் மறைவதால், சூட்டின்மேல் பழி விழுகிறது. எங்கே நெருப்போ அங்கே புகை என்று கூறுவது பிழை, புகைக்கு நெருப்போடு ஈர விறகும் வேண்டும் என்று நையாயிகர் உபாதி என்னும் மறைந்து நிற்கும் நிபந்தனையை விளக்கினார்களே, அதுவே இங்கும் நியாயம். நின்ற உடனே மூடியைத் திறந்து பார்த்து, வண்டி அப்பொழுதே ஓடினால், வெப்பம் குற்றமற்றது என்பது நிச்சயமாகிறது. இவ்வாறு ஒன்றை மட்டும் மாற்றி அதன் பயனைக் காணாமல், பிளக்கையும் காயிலையும் கார்புரேட்டரையும் ஒருசேர மாற்றியவர், வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம். அதன் நோய் இன்னதென அறியமாட்டார்.

மனிதனுடைய அகத்திலுள்ள தோஷங்களும் இவ்விதத்தவையே என்பது என் துணிபு. பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில், மனத்தின் மாசுகளாகிய கிலேசங்கள் உறங்கியும், மெலிந்தும், இடையறுந்தும், விரிந்தும் நான்கு நிலைகளில் இருக்கும் என்றார். உறங்குவதை இறந்ததென்று அவர் எண்ணவில்லை. தருமபுரியாகிய இந்தத் தகடூர் நாட்டை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவையார், வீட்டின் இறப்பில் செருகிய தீக்கடைகோல் போல் அவன் தோன்றாதிருக்கவும் வல்லவன், அதிலிருந்து எழும் பெருந்தீப் போல் வெளிப்படவும் வல்லவன் என்று புறநானூற்றில் போற்றினார். அங்கே பெருமையாகச் சொல்லப்பட்ட அந்த மறைவு, நம்மிடத்திலுள்ள சினத்திற்கும் பொறாமைக்கும் அச்சத்திற்கும் பொருந்தும். மாலைப் பூஜை முடிந்து மனம் குளிர்ந்திருக்கும் வேளையில் நெஞ்சைத் துழாவி, என்னிடம் கோபம் இல்லை என்று மகிழ்கிறவர், காணத்தகாத சூழலில் காணாததையே சான்றாகக் கொள்கிறார். பாகப் பிரிவினையில் உடன்பிறந்தான் குரலுயர்த்தும்போதும், தாம் பெரிதும் நம்பியவர் பலர் முன்னிலையில் இகழும்போதும் உள்ளே அறுபடுவது எது என்று அந்தச் சூடு ஆறுமுன் பார்க்கிறவரே ஆத்ம விசாரணை செய்கிறவர்.

ஆதலின், தனிமையில் வாய்த்த சாந்தத்தைக் கொண்டு தம்மை வென்றுவிட்டதாக எண்ணுவதைவிட, உறவும் கடனும் பொறுப்பும் நிறைந்த இல்லற வாழ்வைத் தம்மைக் காணக் கிடைத்த வெளிச்சமென ஏற்பது சிறந்த சாதனமாகும் என்பேன். அத்துடன் பிறரைப் பற்றிய தீர்ப்பிலும் நாம் நிதானம் கற்க வேண்டும். வெப்பத்தில் தவறிய ஒருவருடைய அமைதிக் காலத்து நற்குணத்தை வேஷமென்று ஒதுக்குவது, காலையில் செவ்வனே ஓடிய எஞ்சினைப் பொய்யென்பதற்கு ஒப்பாகும். அவர் நல்லவர் என்பதும் மெய், அவருள் ஓர் இற்றுப்போன இடம் உண்டு என்பதும் மெய். அந்த ஓர் இடத்தைக் கண்டறிந்து அதை மட்டும் செப்பனிட முயல்வதே, தமக்காயினும் பிறர்க்காயினும், அறிவுடையோர் மேற்கொள்ளத்தக்க தருமம்.