உப்பிட்டவர் யார்?

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று பாட்டி அடிக்கடி சொல்வாள். சோறு போட்டவரை மறக்காதே என்பது பொருள். அன்று எனக்கு அதில் ஐயம் எழவில்லை. அண்மையில் ஒரு தொல்பொருள் ஆராய்ச்சி நூலைப் படித்தபோதுதான் எழுந்தது. இலையில் உப்பு வைத்தவர் மட்டுந்தானா உப்பிட்டவர்? கடலிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர் யார்?

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் எஸ்ஸெக்ஸ் என்று ஒரு பகுதி. அங்கே கடலோரச் சதுப்பு நிலங்களில் சிவந்த மண்மேடுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. உழவர்கள் அந்த மண்ணை வாரி வயலுக்குக் கொண்டு போனார்கள். 1906-இல் அறிஞர் சிலர் குழு அமைத்து மேடுகளைத் தோண்டி ஆராய்ந்தார்கள். புதையல் ஒன்றும் இல்லை. தடித்த, முரட்டு மண்பாண்டங்களின் ஓடுகள், சாம்பல், வெந்த மண், இவைதாம் கிடைத்தன. பானை சுட்ட இடமா, உப்புக் காய்ச்சிய இடமா என்று வாதம் நடந்தது. உப்புத்தான் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

நம் கரையில் வெயிலே உப்பை விளைவித்துத் தருகிறது. அங்கே வெயிலை நம்ப முடியாது. ஆகவே சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் அந்த மக்கள் கடல்நீரைத் தொட்டிகளில் தேக்கி, மண்பாண்டங்களில் ஊற்றி, நெருப்பிட்டுக் காய்ச்சினார்கள். உடைந்த ஓடும் வெந்த மண்ணும் சேர்ந்து சேர்ந்து மேடாயின.

அவர்கள் காய்ச்சிய உப்பில் ஒரு கல்கூட இன்று இல்லை. உண்டவர்களின் உடம்போடு அது போய்விட்டது. எஞ்சியது குப்பை மட்டுமே. அரசன் கோட்டையை விட்டுச் செல்கிறான், பெயரையும் பொறித்துச் செல்கிறான். இவர்கள் உழைப்போ பிறர் நாவில் கரைந்து போயிற்று. அதனால் இவர்கள் வாழ்வு வீண் என்று சொல்ல முடியுமா? விட்டுச் சென்றதைக் கொண்டு மனிதனை அளப்பது தவறான அளவுகோல் என்றே தோன்றுகிறது. நாலு புத்தகமாவது நிற்கவேண்டும் என்று எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு, இதை ஒப்புக்கொள்வது அவ்வளவு எளிதாக இல்லை.

போகட்டும். இறந்தவர்களை நினைக்க மண்ணைத் தோண்ட வேண்டியிருக்கிறது. இருப்பவர்களை நினைக்க என்ன தடை? தூத்துக்குடி உப்பளத்தில், கண் கூசும் வெயிலில் நின்று உப்பு வாருகிறவர்களின் கூலி என்னவென்று நாம் கேட்டதுண்டா? உப்பு விலை சிறிது ஏறினால் மட்டும் முணுமுணுக்கிறோம். உப்பிட்டவரை நினைப்பதானால், அவர்கள் உள்ளபோதே நினைக்கலாமே!