மண்ணிடம் பட்ட கடன்

ஒரு கல்விச்சாலைக்குள் தோட்டம் போடுவது எளிது. அந்தத் தோட்டத்துக்கும் வேலிக்கு வெளியே இருக்கும் ஊருக்கும் நடுவே நிற்பதுதான் கடினம். காலையில் மாணவர்களுக்குப் பாத்தி கட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, மாலையில் பக்கத்து ஊரில் யார் வீட்டு வாசலிலோ உட்கார்ந்து பேசிவிட்டு வருபவரின் வேலையை நிர்வாக வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அது வழிபாடாகவே படுகிறது. இப்படி நினைக்க வைத்த இடம் வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில், சாந்திநிகேதனிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீநிகேதன்.

கவிஞர் தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கினார். மரத்தடியில் வகுப்பு நடந்த பள்ளி அது. 1906இல் தம் மகன் ரதீந்திரநாத்தை வேளாண்மை படிக்க அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். ஜமீன் குடும்பத்துப் பிள்ளை பாரிஸ்டர் பட்டத்துக்காகக் கப்பலேறும் காலத்தில் எடுத்த முடிவு இது. குடும்ப நிலங்களைப் பார்த்துக்கொள்ளப் போன இடத்தில் குடியானவர்களின் பாட்டைத் தாகூர் வருஷக்கணக்கில் கண்ணால் கண்டிருந்தார். அந்தக் கவலை 1922 பிப்ரவரியில் சுருல் கிராமத்தருகே ஸ்ரீநிகேதனாக உருவெடுத்தது. பொறுப்பேற்றவர் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்த ஆங்கிலேய இளைஞர்.

அங்கே மழை அரித்துப் பள்ளம் பள்ளமாகப் பிளந்த செம்மண் பூமி. சுற்றியுள்ள ஊர்கள் ஏன் நலிந்து கிடக்கின்றன என்று விசாரித்துப் பார்த்த எல்ம்ஹர்ஸ்ட் மூன்று காரணங்களைச் சொன்னார்: குரங்கு, மலேரியா, ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கையின்மை. முதல் இரண்டும் சட்டென்று புரிந்துவிடும். போட்ட காய்கறியைக் குரங்கு தின்றுவிட்டுப் போனால் தோட்டம் போட யாருக்கு மனம் வரும்? காய்ச்சலில் படுத்தவன் எப்படி ஏர் பிடிப்பான்? மூன்றாவது காரணத்தில்தான் என் மனம் நின்றுவிடுகிறது. குரங்கை விரட்ட வழி உண்டு, காய்ச்சலுக்கு மருந்து உண்டு. அவநம்பிக்கைக்கு மருந்து எங்கே இருக்கிறது?

ஸ்ரீநிகேதனில் அந்த மருந்து கழிவறையில் தொடங்கியது. அங்கே போன மாணவர்கள் படித்த குடும்பத்துப் பிள்ளைகள். மலம் அள்ளத் தனி ஆள் கிடையாது, அவரவர் வேலையை அவரவரே செய்வது என்று முடிவாயிற்று. நீளமாக ஒரு பள்ளம் வெட்டி, கழிவைக் கொட்டி, உடனே மண்ணால் மூடிவிடுவார்கள். மூடிய மண்ணுக்குள் மெல்ல மெல்ல அது மக்கி உரமாகும். பிறகு அதன்மேல் காய்கறி. இன்னொருவர் தலையில் ஏற்றி, கண்ணில் படாத இடத்துக்கு அனுப்பி வைத்த ஒன்றைத் தன் கையாலேயே மண்ணில் சேர்த்தவன், அடுத்த பருவத்தில் அதே மண்ணில் காய் பறிக்கிறான். அருவருப்பு உணவாக மாறுவதை உடம்பாலேயே அறிகிறான். எத்தனை உபதேசம் கேட்டாலும் இது கைகூடாது. தீண்டாமை என்பது எவ்வளவு பெரிய பொய் என்பதும், யாரும் விளக்காமலே, அவனுக்கு அங்கே விளங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

அதே 1922இல் தாகூர் தலைமையில் எல்ம்ஹர்ஸ்ட் ஆற்றிய உரையின் பொருள், மண்ணைக் கொள்ளையடித்தல். வயலில் விளைந்தது நகரத்துக்குப் போகிறது, திரும்பி எதுவும் வருவதில்லை. மண்ணின் சத்து மட்டுமா போகிறது, கூடவே ஊரின் கெட்டிக்கார இளைஞர்களும் போகிறார்கள். பறித்துக்கொண்டே இருக்கும் உறவு எவ்வளவு நாள் தாங்கும்?

தேவர்க்கும் முனிவர்க்கும் தென்புலத்தார்க்கும் நமக்குக் கடன் உண்டு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். கல்விச்சாலையில் உட்கார்ந்து படிப்பவனுக்கு இன்னொரு கடனும் இருக்கிறது. அவன் தட்டில் விழும் சோறு யாரோ ஒருவர் சேற்றில் நின்று நட்டது. அவனுக்குக் கிடைத்த ஓய்வை இன்னொருவரின் உழைப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறது. இது நெஞ்சில் பட்டுவிட்டால் ஊருக்குள் போகிற நடையே மாறிவிடும். தானம் கொடுப்பவன் கை மேலே இருக்கும். கடனைத் திருப்பித் தர வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பான். தொண்டு என்று கிளம்பும் பல நல்ல முயற்சிகளை ஊரார் உள்ளே விடாததற்கு, மேலே இருக்கும் அந்தக் கைதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. உதவி செய்கிறோம் என்ற எண்ணம் அகந்தையின் மிக நுட்பமான வேடம். அதை மண் கரைக்கும். வெயிலில் முதுகு வலிக்கக் களை எடுத்தவனுக்கு, அதையே ஆயுள் முழுக்கச் செய்கிறவரிடம் மேட்டிலிருந்து பேச வாய் வராது.

ஸ்ரீநிகேதனின் அன்றாடம் இந்த அடக்கத்தோடுதான் நடந்தது. கிராமத்துப் பையன்களைச் சேர்த்துச் சாரணர் குழு போன்ற அணிகள் அமைத்தார்கள். வீட்டுக் கொல்லையில் காய்கறி போடுவதும் மலேரியாவைத் தடுப்பதும் அவர்கள் பொறுப்பு. 1924இல் ஏழைக் கிராமப் பிள்ளைகளுக்காக சிக்ஷா சத்திரம் என்ற பள்ளி பிறந்தது. அதில் பிள்ளைக்குத் தனக்கென்று ஒரு துண்டு நிலம். விதை முளைக்காவிட்டால் ஏன் முளைக்கவில்லை என்று அவனே கிளறிப் பார்க்கலாம்.

1928 ஜூலையில் சாந்திநிகேதனில் மரம் நடும் விழா நடந்தது. தாகூரின் மருமகள் பிரதிமா தேவி தொட்டியில் வளர்த்த மகிழங்கன்றைப் பல்லக்கில் ஏற்றி, பாட்டும் ஊர்வலமுமாகக் கொண்டுவந்தார்கள். நிலம், நீர், தீ, காற்று, வான் ஐந்தையும் அழைத்துக் கன்றை வாழ்த்தினார்கள். உற்சவமூர்த்திக்குச் செய்வதை ஒரு செடிக்குச் செய்தார்கள். மறுநாள் ஸ்ரீநிகேதனில் மாடுகளை அலங்கரித்து ஏர் பூட்டினார்கள். அறுபத்தேழு வயதுக் கவிஞர் தாமே மேழி பிடித்தார். உழவன் தினமும் செய்வதை எல்லார் முன்பும் பூஜையாகச் செய்து காட்டியதில், அந்த ஊர் உழவர்களுக்குத் தங்கள் வேலையின் மதிப்பு எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது. 1941இல் தாகூர் மறைந்தபின், அவருடைய நினைவு நாளான, வங்காள நாட்காட்டியின் சிராவண மாதம் 22ஆம் தேதியே சாந்திநிகேதனில் மரம் நடும் நாளாயிற்று. இழப்பின் நாளில் குழி தோண்டிக் கன்று வைக்கிறார்கள்.

கல்லூரித் தோட்டத்தின் பொறுப்பை இப்போதுதான் கையில் எடுத்திருக்கும் இளையவர் யாராவது என்னிடம் கேட்டால், ஒன்று சொல்வேன். முதல் விதையைக் கடையில் வாங்காதீர்கள். பக்கத்து ஊரில் வயதான அம்மா ஒருவர் உறியிலோ பானையிலோ அவரை விதை, சுரை விதை வைத்திருப்பார். போய்க் கேளுங்கள். எந்தப் பட்டத்தில் ஊன்ற வேண்டும், எவ்வளவு ஆழம் என்பதையும் அவரிடமே கேளுங்கள், மாணவர்களையும் கூட்டிப்போய்க் கேட்க வையுங்கள். காய்த்ததும் முற்றவிட்டு, வாங்கியதற்கு இரட்டிப்பாக விதை கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்குள் தன் விதை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க அவரே ஒரு நாள் உங்கள் தோட்டத்துக்கு வந்திருப்பார்.