சட்டமும் சீலமும்

அண்மையில் மட்டாஞ்சேரிப் படகைப் பிடிக்க எர்ணாகுளம் பிராட்வே வழியே நடந்துகொண்டிருந்தேன். மூட்டை சுமக்கும் தமிழ் இளைஞர் ஒருவர் என்னை நிறுத்தி, "ஐயா, உத்தரப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் அரசாங்க அனுமதியோடு பாங்குக் கடை நடக்கிறது. இங்கே கஞ்சா வைத்திருந்தால் சிறை. இரண்டும் ஒரே செடிதானே? குற்றம் எல்லைக்கு எல்லை மாறுமோ?" என்று வினவினார்.

வினா நியாயமானதே. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அச்செடியின் பூ நுனியையும் பிசினையும் தடுத்தது. தனித்த இலையையும் விதையையும் விலக்கிவிட்டது. ஆகவே இலையை அரைத்துச் செய்யும் பாங்கு அந்தந்த இராஜ்யத்தின் போக்குக்கு விடப்பட்டது. பயிரிட அனுமதிக்கும் அதிகாரத்தையும் அச்சட்டமே இராஜ்யங்களுக்கு அளித்தது. உத்தரகண்ட் 2018-இல், போதைச் சத்து 0.3 சதவீதத்திற்குக் குறைந்த செடியை நாருக்காகப் பயிரிட உரிமம் வழங்கியது. பௌத்தர் மிகுந்த தாய்லாந்து 2022-இல் கஞ்சாவைத் தடைப் பட்டியலினின்று நீக்கிற்று. 2025-இல் மருத்துவர் சீட்டு வேண்டுமென்று மீண்டும் இறுக்கிற்று. வழக்கமும் வருவாயும் தேர்தலும் சேர்ந்து வரையும் கோடுகள் இவை, அழித்தெழுதப்படுவன.

ஐந்தாவது சீலமோ செடியின் எந்த உறுப்பு என்று கேட்பதில்லை. மயக்கத்தால் மனம் விழிப்பிழக்குமா என்பதே அதன் கேள்வி.

இதை நான் ஏட்டில் கற்கவில்லை. நூலாலையில் இராவேலை பார்த்த நாளில் அலுப்புத் தீரக் கஞ்சா புகைத்தேன். சட்டம் இருந்தது, சிறைப் பயமும் இருந்தது, அவை என்னை நிறுத்தவில்லை. ஓரிரவு, துடைத்துக்கொண்டிருந்த இளைஞனைக் கவனியாமல் இயந்திரத்தை ஓட்டிவிட்டேன். அவன் இரு விரல்களை இழந்தான். அன்று விட்டேன்.

ஆயினும் சீலம் காவலர் கைத்தடியன்று. நாமே விரும்பி ஏற்பது. சிறிதளவு கஞ்சாவுக்கே ஓராண்டு வரை சிறை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. கூலிக்காரன் ஒருவன் சிறை புகுந்தால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. அதைக் கண்டு மகிழ்வது தம்மமன்று. தண்டனையைக் குறைத்துச் சிகிச்சையைப் பெருக்கும் சட்டத்தை நாம் வரவேற்கலாம். நோய்க்கு மருத்துவர் தரும் மருந்தும் வேறு. ஆனால் சட்டத்தின் இரக்கத்தை நம் மனத்திற்குக் கிடைத்த அனுமதிச் சீட்டாகக் கொள்ளலாகாது.

இளைஞருக்கு நான் சொன்னது இதுவே: "தம்பி, அரசு அனுமதித்தாலும் நான் தொடேன், அரசு தண்டித்தாலும் தொட்டவனை வெறுக்கேன்."

அன்பர்களே, இவ்விரண்டையும் ஒருங்கே காப்போமாக.