கண்டதும் கருதியதும்

தூரத்தில் ஒரு சந்தனக் கட்டை கிடக்கிறது. அதைக் கண்ணால் மட்டும் பார்க்கிறவன், அருகிற் சென்று முகராமலே, மணமுள்ள சந்தனம் என்று அறிகிறான். இவ்வறிவைப் பிரத்தியட்சம் என்பதா, அனுமானம் என்பதா, வெறும் ஞாபகம் என்பதா என்று நம் தேசத்துச் சாஸ்திரகாரர்கள் நெடுங்காலம் வழக்காடியிருக்கிறார்கள். முன்பு முகர்ந்த அனுபவம் சித்தத்தில் விட்டுச்சென்ற சம்ஸ்காரம் கண்ணோடு கூடிக்கொள்ள, மணமும் காட்சிக்குள் வந்துவிடுகிறது, ஆதலால் இதுவும் ஒருவகைப் பிரத்தியட்சமே என்றார்கள் நவ்ய நியாயத்தார். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சைச் சீமையில் வாழ்ந்த தர்மராஜ அத்வரீந்திரர் தமது வேதாந்த பரிபாஷையில் இதை ஒப்பாது, சந்தனம் என்னும் அம்சத்தில் அவ்வறிவு நேரானது, மணம் என்னும் அம்சத்தில் நேரானதன்று என ஒரே அறிவை இரு கூறாக்கினார். வேலையற்றவர்களின் விதண்டை என்று இதைத் தள்ளுவோர் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரி வார்டில் இராத்திரி டூட்டி பார்க்கும் பழுத்த நர்ஸையும், அவள் பக்கத்தில் நிற்கும் புதிதாய்த் தேறிவந்த பெண்ணையும் சேர்த்துக் கவனிப்போருக்கு, இது உயிர் சம்பந்தப்பட்ட வழக்கு என்பது விளங்கும்.

வயிற்றில் சத்திரசிகிச்சை முடிந்து மாலையில் வார்டுக்கு வந்த ஐம்பது வயது மனிதர் ஒருவரை வைத்துக்கொள்வோம். புதியவள் நாடியை எண்ணுகிறாள்: 84. இரத்த அழுத்தம் 116-க்கு 84. உஷ்ணம் இயல்பு. கேஸ் ஷீட்டில் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறாள்; அவள் செய்ததில் பிழையென்று சுட்ட ஒன்றுமில்லை. மூத்தவளோ போகிற போக்கில் அக்கட்டிலருகே நின்றுவிடுகிறாள். சற்றுமுன் தண்ணீர் கேட்டவர் மறுபடியும் கேட்கிறார், போர்வையை இழுப்பதும் தள்ளுவதுமாயிருக்கிறார், நெற்றியில் பிசுபிசுப்பு, பாதத்தைத் தொட்டால் குளிர்ச்சி, மூச்சு, ஒரு முழு நிமிஷம் நின்று எண்ணினால், 26. உள்ளே இரத்தம் கசிகிறது என்று மனம் சொல்லி முடிக்குமுன் அவள் கை டெலிபோனுக்குப் போய்விடுகிறது. இரத்தம் குறையும்போது சரீரமானது தோலுக்கும் கைகால்களுக்கும் செல்லும் நாளங்களைச் சுருக்கி, மூளைக்கும் இருதயத்துக்கும் வேண்டியதை எப்படியோ ஒப்பேற்றிக்கொள்ளுகிறது. 30 சதவிகிதம் வரை இழந்த பின்னும், படுத்த நிலையில், அழுத்தக் கருவி பெரிய வித்தியாசம் காட்டாதிருக்கலாம். எண் விழட்டும் என்று காத்திருப்பவளுக்குச் செய்தி வெகு தாமதமாகவே வந்துசேரும்.

நாடியாவது விரைந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். பாடப்புத்தகம் விரையும் என்றே சொல்லுகிறது. ஆனால் அம்மனிதர் இரத்தக் கொதிப்புக்காகப் பல வருஷங்களாய் அட்டெனோலால் உட்கொள்ளுகிறவர். இருதயத்தின் வேகத்தைக் கட்டிவைப்பதே அம்மருந்தின் தொழில். நியாய சாஸ்திரத்தில் உபாதி என்று ஒன்று சொல்லப்படுகிறது: புகை உள்ள இடத்திலெல்லாம் நெருப்பு உண்டு, ஆனால் நெருப்பு உள்ள இடத்திலெல்லாம் புகை இல்லை, ஈரவிறகு என்னும் உபாதி கூடினாலன்றிப் புகை எழாது, பழுக்கக் காய்ச்சிய இரும்பே அதற்குச் சாட்சி. இரத்தம் போனால் நாடி விரையும் என்ற வியாப்தியும், அதாவது நியதமான தொடர்பும், இருதயத்தை வேறொன்றும் கட்டியிராத தேகத்தில்தான் செல்லும். கிழவர்களுக்கு ஜுரமின்றியே விஷக்கிருமி இரத்தத்தில் பரவுவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இவையெல்லாம் புத்தகத்தில் இல்லாதவை அல்ல. பரீட்சையில் கேட்டால் புதியவளும் அழகாக எழுதிவிடுவாள். அப்படி எழுதத் தெரிந்த விதிவிலக்கு, ஏழாம் நம்பர்க் கட்டிலில் படுத்திருக்கும்போது தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதே சங்கடம்.

இளைஞர் க்ஷேத்திர கணிதத்தில் வல்லவராகலாம், விவேகியாதல் அரிது என்று அரிஸ்டாட்டில் தமது நீதிநூலில் கருதியதும் இதனால்தான்; விவேகமானது தனித்தனி விஷயங்களைப் பற்றியது, அவையோ காலத்தாலன்றிப் பழகா. நம் காலத்தில், கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த டிரைபஸ் சகோதரர்கள் விமானிகளையும் சதுரங்க ஆட்டக்காரர்களையும் கொண்டு வகுத்த ஐந்து படிகளைத் தாதியர் தொழிலுக்குப் பொருத்தி, பட்ரீஷியா பென்னர் 1984-ல் வெளியிட்ட நூல் பல நாட்டு நர்ஸிங் கல்லூரிகளில் பாடமாயிற்று. விதியைப் பற்றிக்கொண்டு நடக்கும் ஆரம்ப நிலையினின்று, ஒரேவகை வேலையில் இரண்டு மூன்று வருஷம் பழகித் திறமை கைவந்து, முடிவில் விதியை நாடாமலே நிலைமையை முழுதாகப் பற்றும் நிபுணத்துவம் வரையில் அது ஏறிச் செல்லுகிறது. ஒரு துறையில் நிபுணையாயிருப்பவள் பழக்கமில்லாத வேறொரு துறைக்குப் போனால் மீண்டும் முதற்படிக்கே இறங்கிவிடலாம் என்று அதில் வருவது, மாற்றல் உத்தரவில் கையெழுத்திடும் அதிகாரிகள் இரண்டுமுறை படிக்க வேண்டிய பகுதி.

ஆயினும் நிபுணையின் அறிவை உள்ளுணர்வு என்று போற்றி அங்கேயே நின்றுவிடுவது எனக்குச் சம்மதமில்லை. அப்படிச் செய்தால் அதை முழுதும் காட்சியாக்கிவிடுகிறோம். காட்சியை யார் சோதிப்பது? சம்ஸ்காரம் சத்தியத்தை மட்டுமா சுமந்து வருகிறது, பழக்கத்தையும் துவேஷத்தையும் சேர்த்தே சுமக்கிறது. குடிப்பழக்கமுள்ள ஒருவர் உளறும்போது, குடியின் விளைவென்று அக்கணமே கண்டுவிடும் மூத்த கண், அவருடைய இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து கிடப்பதைக் காணாமலே போய்விடக்கூடும். தவறிய இடத்திலும் அந்தத் தெளிவு சற்றும் குறைந்து தோன்றுவதில்லை. இங்கேதான் தஞ்சைச் சீமைப் பண்டிதரின் பகுப்பு எனக்குப் பிரியமாயிருக்கிறது. உளறல் கண்டது, குடி கருதியது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் 1859-ல் எழுதி வெளியிட்ட நர்ஸிங் குறிப்புகளில் நோயாளியைக் கவனிப்பதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்து, இரவு நன்றாகக் கழிந்ததா என்று பொதுப்படக் கேட்பதைக் கண்டித்து, எத்தனை மணி நேரம், இரவில் எந்தெந்த மணிகளில் தூங்கினார் என்று கேட்கும்படி வற்புறுத்தினார். அபிப்பிராயத்தைப் பிரித்தெடுத்துவிட்டு விஷயத்தைக் கையில் வாங்கும் அதே சிரத்தைதான் அதுவும்.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் அனுமானத்தைத் தன்பொருட்டு என்றும் பிறர்பொருட்டு என்றும் இரண்டாக வகுக்கிறார். தனக்கு நிச்சயம் பிறப்பது வேறு, அதைப் பிறர் உள்ளத்தில் பிறப்பிப்பது வேறு. 'ஏதோ சரியில்லை சார், வந்து பாருங்க' என்று மூத்தவள் சொன்னால், அவளை அறிந்த டாக்டர் எழுந்து வருவார். அதே வார்த்தையைப் புதியவள் சொன்னால், என்ன சரியில்லை என்ற கேள்விதான் வரும், அதுவும் தூக்கக் கலக்கத்தில் வரும். பிறர்பொருட்டு அனுமானத்துக்கு நியாயத்தார் பிரதிக்ஞை, ஹேது, உதாரணம், உபநயம், நிகமனம் என ஐந்து உறுப்புக் கூறினர். இன்றைய ஆஸ்பத்திரிகள் நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என நாலுறுப்புக் கூறும் ஒரு முறையைக் கைக்கொள்ளுகின்றன. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து அது வந்தது என்பதைக் கேட்டால் நியாய சாஸ்திரத்தை வகுத்த கௌதம முனிவர் வருந்தமாட்டார்.

ஆனால் இந்தப் பிறர்பொருட்டு அனுமானம் டாக்டருக்கு மட்டும் உரியதாயிருப்பது போதாது. மூத்தவள் தனக்கு வேண்டாவிட்டாலும், பக்கத்தில் நிற்கும் இளையவளின் பொருட்டு, பாதத்தைத் தொட்டது ஏன், மருந்துச் சீட்டைத் திருப்பிப் பார்த்தது ஏன், இன்னது என்று நினைத்துப் பிறகு ஏன் கைவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் செய்துவிட்டுப் போனால், இளையவள் கற்பது, மூத்தவளுக்கு ஏதோ ஒரு சித்தி கைகூடியிருக்கிறது என்பதொன்றுதான்.

ஆயுர்வேத ஆசிரியர் சரகர் நோயாளியைப் பேணுகிறவருக்கு நான்கு குணங்கள் வகுத்தார்: உபசரிக்கும் முறையறிதல், சாமர்த்தியம், பேணப்படுபவரிடத்தில் அன்பு, சுத்தம். அறிவோடு அன்பைச் சேர்த்து எண்ணியது வெறும் உபதேசத்துக்காக அன்று என்று நினைக்கிறேன். இரண்டாம் முறை தண்ணீர் கேட்டது ஒருத்திக்கு அடையாளமாகப் படுகிறது, மற்றொருத்திக்குத் தொந்தரவாகப் படுகிறது. இவ்விருவருக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தைப் புத்தகப் படிப்பால் விளக்க முடியவில்லை. நாற்பது கட்டிலுக்கு ஒருத்தியை நிறுத்திவைத்துவிட்டு இந்த அன்பைக் கேட்பது நியாயமா என்றால், நியாயமன்று.

இனி, புதியவள் தானாகவே ஓர் இரவு டாக்டரை எழுப்புகிறாள். குடலிறக்கத்துக்குச் சிகிச்சை செய்துகொண்டவர் நிலைகொள்ளாமல் புரளுகிறார், வியர்க்கிறது, உள்ளே இரத்தம் கசிகிறது என்கிறாள். டாக்டர் வந்து பார்த்தால், மூத்திரம் பிரியாமல் பை நிரம்பி நிற்கிறது. குழாய் விட்டதும் நோயாளி தூங்கிவிடுகிறார். இதற்காகவா எழுப்பினாய் என்று கடிந்துகொண்டால் அடுத்த முறை அவள் எழுப்பாள், நிஜமாகவே இரத்தம் கசியும் இரவிலும் எழுப்பாள். புரண்டதும் வியர்த்ததும் அவள் கண்ணாரக் கண்டவை, அவற்றில் குற்றமில்லை. கருதியதில்தான் ஒரு வாசலைத் திறந்து பாராமல் விட்டாள். காலையில் பொறுப்பை ஒப்படைக்கும்போது, 'பார்த்தது சரிதானம்மா, அடிவயிற்றையும் ஒரு தரம் தொட்டுப் பார்த்திருக்கலாம்' என்று மூத்த சிஸ்டர் சொல்லிவிட்டுப் போனால், அன்றிரவே அவள் எல்லாக் கட்டிலிலும் தொட்டுப் பார்க்கத் தொடங்கிவிடுவாள்.